விண்ணப்ப இலக்கம் எழுதிய பார்சல்

2025 ஜனவரி 12, ஞாயிறு

திரைச்சீலைத் துணி நான்கு கட்டு வந்தது. ஒன்றின் ஓரத்தில் தண்ணீர்க் கறை. அதை முன்னுக்கு வைத்தால் மற்ற மூன்றையும் சந்தேகப்படுவார்கள், உள்ளே போடச் சொன்னேன். பொங்கலுக்கு ஆரையம்பதிப் பக்கத்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கடையில் நிற்கும் நிருஷாவும் அந்த ஊர்தான். அவளைக் கேட்டு வருகிறவர்கள் என்னைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நல்லதுதான்.

மகள் இனாயா இன்றைக்கு மூன்று நேரமும் சாப்பிட்டாள். அதை எழுதத்தான் இதைத் திறந்தேன். வெட்டுப்புள்ளி வந்ததில் இருந்து அப்படி ஒரு நாள் இருக்கவில்லை. அரசாங்க மருத்துவப் பீடத்துக்கு மயிரிழையில் தப்பிப் போனது. மயிரிழை என்று சொல்வது நான். அவள் தசமத்துக்குப் பிறகு வரும் நான்கு இலக்கத்தையும் சொல்வாள்.

இப்போது கொழும்புப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவப் பீடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். உயர்தரப் பெறுபேறு மட்டும் காணாதாம். முதலில் உளச்சார்புப் பரீட்சை: கணினிக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் இருத்தி, ஆள் எப்படி யோசிக்கிறாள் என்று பார்ப்பார்கள். அதில் தேறினால் நேர்முகம். ஏறாவூர்ப் பிள்ளை சபீனாவும் கூடப் போடுகிறாள். இரண்டு பேரும் எங்கள் கடைக் கணினியில்தான் ஒன்றாக இருந்து விண்ணப்பித்தார்கள். இலக்கம்கூட அடுத்தடுத்த இலக்கம்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. வீட்டுக்கென்று வைத்த வளவை விற்றுப் படிப்பிக்கப் போகிறேன் என்று தெரிந்து நேற்று மச்சி ஒருத்தி கேட்டாள்: "டாக்டர் எண்டா மாப்பிள்ள வானத்துல இரிந்தா இறங்கி வருவான்?" வந்தால் ஏணி வைத்துக் கொடுக்கிறேன் என்றேன்.

ஜனவரி 16, வியாழன்

அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் குறைவு. இனாயா காசுமேசையில் இருந்து போனைப் பார்த்துக் கேள்வி வாசித்தாள்.

"உம்மா, ஒண்டு கேக்கிறன். பெரிய டாக்டர் நோயாளிக்கு முன்னால பிழையான மருந்துட பேரச் செல்றார். நீங்க சின்ன டாக்டர். என்ன செய்வீங்க?"

"ஆக்களுக்கு முன்னால பிழை எண்டு செல்லப்படா. மருந்தக் குடுக்கவும் விடேலா. 'சேர், ஒரு நிமிசம்' எண்டு வெளிய கூப்பிட்டுச் செல்லுவன்."

போனைப் பார்த்தாள். "சரி!"

"நேத்து நிருஷா முழத்தப் பிழையா அளக்கக்குள்ள நான் அதத்தானே செஞ்ச."

நிருஷா துணி மடித்தபடி சொன்னாள்: "ஓம் அக்கா. வெளிய கூப்பிட்டுத்தான் சொன்னீங்க. ஸ்டோருக்குள்ள நிண்டு கத்தினது சந்திக்குக் கேட்டது."

பத்துக் கேள்வியில் ஏழு சரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். துணிப் பொட்டணியைத் தலையில் வைத்துக்கொண்டு வாவியைக் கடந்து படுவான்கரையில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பேச்சு ஒரு சொல் பிசகினால் அந்த வீட்டுப் படலை அடுத்த முறை திறக்காது. அந்தப் படிப்பைத்தான் இவர்கள் இங்கிலிசில் கேட்கிறார்கள். இந்தப் பரீட்சை எனக்கு விளங்கிவிட்டது.

ஜனவரி 27, திங்கள்

மழை. வியாபாரம் இல்லை. இனாயா கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கூடு வைத்துப் படிக்கிறாள். ஒரு கேள்விக்கு முப்பது விநாடியாம். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால் அதற்கே முப்பது விநாடி போகிறதாம். இனி கதவுக்கு வெளியே வைக்க வேண்டும்.

பெப்ரவரி 8, சனி

பரீட்சை முடிந்தது. இவர், இனாயாவின் வாப்பா, கடையைப் பார்க்க, நான் கூடப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு இங்கால் எங்களை நிறுத்திவிட்டார்கள். கைப்பை, மணிக்கூடு, கைக்குட்டை எல்லாம் வெளியில். காதில் ஒன்றும் செருகவில்லை என்று காட்ட, ஒரு பெண்பிள்ளை தனியறைக்குக் கூட்டிப்போய் ஸ்காஃபை விலக்கிப் பார்த்தாளாம். மரியாதையாகத்தான் பார்த்தாளாம்.

வெளியில் நின்ற தாய்தகப்பன்மாரைப் பார்த்தேன். வந்து இறங்கிய வாகனங்களைப் பார்த்தேன். கோட் போட்ட ஒருவர் உள்ளே இருந்த அலுவலரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டுச் சிரித்தார். சபீனாவின் தகப்பன், பள்ளிக்கூட மாஸ்டர், வாங்கில் இருந்து பேப்பர் வாசித்தார். அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. மாஸ்டர்மார் அப்படித்தான்.

இனாயா வெளியில் வந்து, "நேரம் காணல்ல, ஆனா பரவால்ல" என்றாள். சபீனா அழுதாள். இனாயாதான் அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தாள்.

பெப்ரவரி 17, திங்கள்

பெறுபேறு வந்தது. எழுதியவர்கள் நானூறுக்கு மேல். இனாயா ஒன்பதாவது. ஒன்பதாவது!

கடையில் நின்ற எல்லாருக்கும் சோடா. இவர் கட்டாரில் பதினொரு வருசம் வெயிலில் நின்றவர், கண் கலங்கி நான் பார்த்ததில்லை. இன்றைக்கு ஸ்டோருக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

நேர்முகத்துக்கு அறுபது பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாற்பது இடம். சபீனா நாற்பத்து நான்காவது. நேர்முகம் மார்ச் எட்டாம் திகதி. "இனி நேர்முகம் மட்டும்தான் உம்மா" என்றாள் இனாயா.

அந்தச் சொல்தான் எனக்குப் பயம். முன்பு ஒரு கடைத்தொகுதியில் கடை கொடுத்தார்கள். எனக்குப் புள்ளி முதலாவது. "இனி நேர்முகம் மட்டும்தான்" என்றார்கள். போனேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். வந்தேன். கடை, புள்ளியே இல்லாத ஒருவனுக்குப் போனது. முதல் நாள் பின்னேரம் அவன் யார் வீட்டுக்குப் போனான் என்று எனக்கு ஒரு வருசத்துக்குப் பிறகுதான் தெரியும்.

பெப்ரவரி 20, வியாழன்

சரக்குச் சொல்ல முகைதீன்பாவா ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன். கொழும்பில் எனக்கு மொத்தத் துணி தருகிறவர். எங்கள் ஊர் மனிதர். பேச்சோடு பேச்சாக நேர்முகத்தைச் சொன்னேன். பத்து நிமிடத்தில் திருப்பி எடுத்தார்.

"தங்கச்சி, அந்த நேர்முக சபையில ஒரு புரொபெசர், தெஹிவளையில என்ட மருமகன்ட அடுத்த வீடு. நல்ல மனிசன். காசு கீசு தொடமாட்டார்."

"காசு யார் ஹாஜியார் குடுக்கிற? நம்மட புள்ள ஒண்டு வருது எண்டு ஒரு முகம் காட்டுற. அவ்வளவுதான்."

"முகம் காட்டுறதுல என்ன இரிக்கி? அனுப்புங்க. மருமகன் குடுப்பான்."

வங்கிக்குப் புது மனேஜர் வந்தால் உடுக்க ஒரு சாரம். லொறி ஒபிசுக்குப் பெருநாளைக்கு மரமுந்திரிக் கஜு. இத்தனை வருசத்தில் அவர்களில் ஒருவரும் எனக்குத் தரக்கூடாத ஒன்றைத் தந்ததில்லை. என் பெயர் அவர்களுக்குத் தெரியும், அதுதான் நான் வாங்கியது. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், ஆதரவு தேடினால் தகைமை இழக்கப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. பார்த்தேன். எல்லாப் படிவத்திலும் இருக்கிற வரிதான் அது.

இவரிடம் சொல்லவில்லை. இனாயாவிடமும்.

பெப்ரவரி 22, சனி

பார்சல் கட்டினேன். புரொபெசரின் மனைவிக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரி ஒன்று, கடும் பச்சை, மெல்லிய கரை. அவருக்கு இரண்டு சாரம். மூன்று கிலோ கஜு, முழுக்கஜு, நானே தெரிந்தெடுத்தேன்.

"மேல என்ன அக்கா எழுதுற?" என்று நிருஷா கேட்டாள்.

இனாயாவின் பெயரையும் விண்ணப்ப இலக்கத்தையும் எழுதச் சொன்னேன். பேர் இல்லாத பார்சல் கிடங்கில் கிடந்து பூசணம் பிடிக்கும். இது யாருடையது என்று தெரியாவிட்டால் அனுப்பி என்ன பலன்?

மார்ச் 1, சனி

ஹாஜியார் போன் எடுத்தார். அவருடைய குரல் சரியில்லை.

அந்தப் புரொபெசர் இரண்டு நாள் ஊரில் இல்லையாம். வந்து பார்சலைத் திறந்தாராம். மருமகன் "காத்தான்குடியில இரிந்து வந்த" என்று சொன்னதும் ஒரு சொல் கதைக்கவில்லையாம். போனை எடுத்து, மேலே எழுதியிருந்ததைப் படம் பிடித்தாராம். மறுகா அப்படியே காரில் வைத்து, பீடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம்.

"அவருக்கு என்ன தங்கச்சி, நாய் கடிச்சா? ஒரு சாரி!" என்றார் ஹாஜியார்.

மேலே எழுதியிருந்தது. இலக்கம். நான்தானே எழுதச் சொன்னேன்.

பிறை கண்டுவிட்டார்கள். நாளை தலைநோன்பு.

மார்ச் 2, ஞாயிறு

நோன்பு திறக்கும் மேசையில் இனாயாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கடையில் சனம். நல்ல வியாபாரம். நல்ல வியாபாரம் என்று எழுதக் கை கூசுகிறது.

மார்ச் 4, செவ்வாய்

வந்துவிட்டது. மின்னஞ்சல், அவளுக்கு.

கடைக்கு ஓடி வந்தாள், காலில் வீட்டுச் செருப்பு. சனத்துக்கு நடுவில் போனை நீட்டினாள். ஸ்டோருக்குள் கூட்டிப்போனேன். தமிழில் சொல்லிக் காட்டினாள்: உமது பெயரும் விண்ணப்ப இலக்கமும் எழுதிய அன்பளிப்புப் பொதி ஒன்று நேர்முக சபை உறுப்பினரின் வீட்டில் ஒப்படைக்கப்பட்டது. உமது நேர்முகம் நிறுத்தி வைக்கப்படுகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முன் உமது விளக்கத்தை எழுத்து மூலம் அனுப்பவும்.

"யார் உம்மா இது? யார் செஞ்ச?"

நான் துணிக் கட்டு ஒன்றில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும் மகள்" என்றேன்.

நோன்பு வாயோடு.

"உங்களுக்குத் தெரியாம இரிக்குமா? கடைப் பேர் ஏதும்..."

"கடைப் பேர் போடல்ல" என்று சொல்லி நாக்கைக் கடித்தேன். அவள் கவனிக்கவில்லை. அழுகையில் இருந்தாள். "கடைப் பேர் போட்டிரிந்தா அவங்க செல்லியிரிப்பாங்கதானே" என்று திருத்தினேன். எவ்வளவு கெதியாகத் திருத்தினேன்! முப்பது விநாடிகூடத் தேவைப்படவில்லை.

மார்ச் 5, புதன்

இவர் கேட்டார். பிள்ளையைப் போல் இல்லை, நேராகக் கேட்டார். "றமீஸா, கஜு நீ எங்க அனுப்பின?" மூன்று கிலோ கஜு கடையில் இருந்து போனதை அவர் கண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"புள்ளைக்கிட்டச் செல்லு."

"ஹாஜியார் செல்றார், பொறாமைக்காரங்க யாரோ பேரக் கெடுக்கச் செஞ்ச எண்டு எழுதினா நம்புவாங்களாம். மருமகனும் அப்படியே செல்லுவானாம்."

"ஹாஜியார்ட மகளா பரீட்ச எழுதின? நீ செல்லு. இல்லாட்டி நான் செல்றன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க."

"எதுக்குப் பொறுக்கிற? விலை ஏறுமா?"

இருபத்திரண்டு வருசத்தில் அந்த மனிதர் என்னைக் குத்திச் சொன்னது இதுதான் முதல் தரம்.

எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் உண்மையை எழுதுவாள். எழுதினால் இடம் போகும். சொல்லாவிட்டால் "எனக்குத் தெரியாது" என்று எழுதுவாள். அவள் அளவில் அது பொய் இல்லை. அந்தப் பாவம் எனக்கு, இடம் அவளுக்கு. இப்படிப் பார்த்தால் எனக்குச் சம்மதம். இப்படித்தான் நான் பார்க்கிறேன். பிழையா? பிழைதான். என்றாலும் சம்மதம்.

மார்ச் 6, வியாழன்

சம்மதம் இல்லை. நேற்று எழுதியதை வெட்டிவிடலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும்.

பின்னேரம் சபீனா கடைக்கு வந்தாள். ஏறாவூரில் இருந்து பஸ்ஸில், நோன்போடு.

"மாமி, இனாயாக்கு என்ன? போன் எடுக்கிறாள் இல்ல. மெசேச் பார்த்திட்டுப் பேசாம இரிக்கிறாள்."

கையில் ஒரு கொப்பி. போன வருசம் நேர்முகத்துக்குப் போன ஒரு பிள்ளையிடம் கேட்டு எழுதிய கேள்விகளாம். இனாயாவுக்கென்று இரண்டாவது பிரதி. "அவளுக்கு இது தேவப்படாது, ஒன்பதாவதுதானே. எண்டாலும் குடுங்க மாமி." சிரித்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். இனாயா கொப்பியைத் தொடவில்லை.

"அவள்தான் உம்மா."

"என்ன அவள்தான்?"

"என்ட இலக்கம் தெரிஞ்ச வேற ஆள் ஆரு? அவள் நாப்பத்து நாலாவது. எனக்கு மேல உள்ள எட்டுப் பேரையும் அவளுக்குத் தெரியா. என்ன மட்டும்தான் தெரியும். நான் இல்லாட்டி ஒரு இடம் கிட்ட வரும்தானே?"

என்ன கணக்கு! என் பிள்ளைதான். எனக்குப் பிறந்த பிள்ளைதான். பரீட்சையில் எப்படி ஒன்பதாவது வந்தாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு ஓட்டை இல்லாமல் யோசிக்கிறாள். முதல் வரி மட்டும் பொய். அந்த வரி நான் கொடுத்தது.

"அப்படிச் செல்லாத மகள்" என்றேன். சபீனாவின் பெயரைப் போட்டுத்தான் எழுதப் போகிறாளாம்.

மார்ச் 7, வெள்ளி

கடை பூட்டு. இவர் ஜும்ஆவுக்குக் குளித்துவிட்டு, உடுப்பு மாற்றாமல் கூடத்தில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எழும்பிப் போகவும் இல்லை.

இனாயா மேசையில் கணினியைத் திறந்து வைத்து இங்கிலிசில் எழுதியிருந்தாள். "கேளுங்க உம்மா, சரியா எண்டு" என்று தமிழில் வாசித்தாள். நானோ என் குடும்பத்தாரோ இப்படி ஒரு பொதியை அனுப்பவில்லை என்று உறுதியாகக் கூறுகிறேன். எனது விண்ணப்ப இலக்கத்தை அறிந்த வேறு ஒரேயொரு விண்ணப்பதாரி...

"அத அனுப்பாத."

"ஏன், இங்கிலிஸ் பிழையா?"

"பார்சல் நான் அனுப்பின மகள்."

அவள் சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள், நான் அவளைக் காப்பாற்றப் பழியை எடுக்கிறேன் என்று நினைத்து. பிறகு வாப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். சிரிப்பு நின்றது.

"எப்ப?"

"இருபத்திரண்டாம் திகதி."

"மார்க்ஸ் வந்த மறுகாவா?"

"ஓம்."

"ஒன்பதாவது எண்டு தெரிஞ்ச மறுகாவா?"

அதற்கும் தலையை ஆட்டினேன்.

"ஒன்பதாவது காணாதா உம்மா?"

"உன்ன நம்பாம இல்ல மகள். நான் அவங்கள நம்பல்ல."

"அவங்க எண்டா ஆரு? என்ட பேப்பர ஒன்பதாவதாத் திருத்தினதும் அவங்கதானே."

கடைத்தொகுதிக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. விட்டுவிட்டேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்கு வரும். மெதுவாகத்தான் சொன்னாள்: "பரீட்சையில இதே கேள்வி வந்த உம்மா. ஒப்பரேசனுக்கு முதல் நோயாளிட குடும்பம் டாக்டர்ட வீட்டுக்குச் சாமான் அனுப்புற. நான் சரியா எழுதின." பிறகு: "சபீனாவ மூணு நாளா நான்..." அதை முடிக்கவில்லை. எழுதியிருந்ததை முழுக்க அழித்தாள். வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

என்னவெல்லாம் செய்துவிட்டேன். ஒரு சாரி, இரண்டு சாரம். யாருக்கு? முகமே தெரியாத ஒரு மனிசனுக்கு. என்னத்துக்கு? என்ட புள்ள பாட்டுக்குப் போயிருப்பாளே. தன்ட காலால நடந்து போயிருப்பாளே!

லுஹர் தொழுகைக்குப் பிறகு அவளாகவே வந்தாள். "நான் எனக்குத் தெரிஞ்சத எழுதிட்டன். நீங்க உங்கட கையால எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க. படம் எடுத்து அனுப்புறன்."

எழுதினேன். பார்சலை நான் அனுப்பினேன், என் மகளுக்குத் தெரியாது, கேட்டபோதும் மறைத்தேன், இன்று காலை வரை அவள் வேறொரு பிள்ளையைச் சந்தேகிக்கும்படி விட்டேன். வாசித்துப் பார்த்துச் சொன்னாள்:

"மன்னிக்கவும் எண்டு மூணு இடத்துல போட்டிரிக்கீங்க. ஒண்டு காணும்."

இரண்டை வெட்டிக் கொடுத்தேன். நாலு மணி பத்துக்கு அனுப்பினாள்.

மார்ச் 8, சனி

நேர்முக நாள். வீட்டில்தான் இருந்தாள். சபீனா போயிருப்பாள்.

மார்ச் 12, புதன்

பதில் வந்தது. விண்ணப்பதாரி அறியாமல் நடந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறார்களாம். ஆனாலும் இந்த முறை சேர்க்க முடியாது, விதி அப்படி. அடுத்த சேர்க்கைக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். பரீட்சையைப் புதிதாக எழுத வேண்டும். பழைய புள்ளி செல்லாது.

ஒன்பது செல்லாது.

சாரியும் சாரமும் கஜுவும் தபாலில் திரும்பி வந்தன. ஒன்றும் குறையவில்லை. மேலே, என் கடையில் சாக்குக்கு எழுதும் பேனையின் எழுத்து அப்படியே.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். இனாயா எனக்குக் கை கொடுத்து முஸாபஹா செய்தாள். கை மட்டும்.

ஏப்ரல் 19, சனி

சபீனாவுக்கு மருத்துவத்தில் இடம் கிடைத்துவிட்டது. கடைசிப் பட்டியலில் முப்பத்தொன்பதாவது. தட்டில் இனிப்போடு வந்தாள். இனாயா அவளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். நெடுநேரம் இறங்கவில்லை. இறங்கும்போது இரண்டு பேருக்கும் கண் வீங்கியிருந்தது.

வாசலில் சபீனா என்னிடம், "மாமி, என்ட பேரத்தான் எழுதப் பாத்தாளாம்! நான் எண்டா அரைக் கிலோ கஜுவோட நிப்பாட்டியிரிப்பன்" என்றாள். அவள் சிரித்தது என்னைக் காப்பாற்றுவதற்கு. சபீனாவுக்கு இந்தப் பரீட்சையில் நாற்பத்து நான்காவது இடம் கொடுத்தவர்கள் எதையோ அளக்காமல் விட்டிருக்கிறார்கள்.

யூலை 15, செவ்வாய்

புது விண்ணப்பம் போட்டுவிட்டாள். கடைக் கணினியில் இல்லை. தொடர்பு இலக்கத்துக்கு வாப்பாவின் நம்பர். பரீட்சை எப்போது என்று கேட்டேன். "வரும்" என்றாள். இந்த ஊரில் எவன் எப்போது எந்தச் சரக்கு இறக்குகிறான் என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் பரீட்சை எப்போது என்று தெரியாது. இலக்கமும் தெரியாது. கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

காலை ரயிலில் இனாயாவும் வாப்பாவும் போனார்கள். எதற்கென்று சொல்லவில்லை. நான் இடியப்பம் கட்டிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மருத்துவம் கிடைக்கவில்லை. இந்த முறை எழுதியவர்கள் தொகை கூட. நேர்முகத்துக்குக் கூப்பிட்ட வரிசைக்கு ஏழு இடம் பின்னால் நின்றுவிட்டாள். அதே பீடத்தில் பிசியோதெரபிப் பட்டத்துக்கு இடம் தருகிறார்கள். அதற்கு இந்தப் புள்ளி காணும். நேர்முகமும் இல்லை.

எல்லோரும் படுத்த பிறகு நானும் இவரும் கதைத்தோம் என்று எழுதினால் பொய். இவர் கதைக்கவில்லை. நான்தான், "அடுத்த வருசம் இன்னொரு தரம் எழுதட்டும்" என்றேன். இனாயா கேட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் போறன் உம்மா. வாவிக்கு அங்கால ஆசுபத்திரியில நடக்கப் பழக்குற ஆள் இல்லாம எத்தின பேர் கட்டிலோட கிடக்கிறாங்க எண்டு தெரியுமா? நான் அத வாசிச்சிட்டுத்தான் விண்ணப்பத்துல அந்தப் பெட்டியிலயும் அடையாளம் போட்ட. ஒருத்தரும் தள்ளி விடல்ல."

டாக்டர் என்று ஒரு சொல்லை நான் அந்தப் பார்சலுக்குள் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டேன். அது திரும்பி வந்த சாமானில் இல்லை. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

பதிவு. "நீங்க வாங்க உம்மா" என்றாள். வாப்பா கடையைப் பார்க்கட்டுமாம். இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

நேற்று இரவு ரயிலில் ஏறி இருந்ததும் கையை நீட்டினாள். "பேக்கக் காட்டுங்க."

கொடுத்தேன். எதிரில் இருந்த மனுசி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரஷர் குளிசை, தண்ணீர்ப் போத்தல், தொழுகை உடுப்பு, விசுக்கோத்து ஒரு பக்கற். விசுக்கோத்துப் பக்கற்றைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது ஆருக்கு?"

"எனக்குடி!"

"உடைச்சுத் தின்னுங்க, பாப்பம்."

தின்றேன். அவளும் ஒன்றை எடுத்தாள்.

பதிவுக் கந்தோரில் பெரிய வரிசை. எங்கள் முறை வரும்போது ஒரு மணி. படம் அளவு பிழை, சான்றிதழ் ஒன்றின் பிரதியில் உறுதிப்படுத்திய கையெழுத்து இல்லை. இன்னொரு நாள் வரச் சொல்வார்கள் என்று நினைத்தேன். மேசையில் இருந்த பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்கும், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்திருந்தவள் மூடி வைத்தாள். எழும்பிப் போய் யாரிடமோ கையெழுத்து வாங்கிவந்தாள், படத்துக்கு எங்கே போவது என்று தாளில் வழி கீறிக் கொடுத்தாள், நாங்கள் திரும்பி வரும்வரை இருந்தாள். பதிவு முடிய இரண்டரை மணி. சோறு ஆறிப்போயிருக்கும். பேச்சில் எங்கள் பக்கம் அடித்தது, ஓட்டமாவடியாக இருக்க வேண்டும்.

இனாயா படிவத்தை வாங்கி, பாதுகாவலர் ஒப்பம் என்ற இடத்தில் விரலை வைத்து என் பக்கம் தள்ளினாள். வைத்தேன்.

எழும்பும்போது என் நாக்கு நுனியில் வந்து நின்றது: மகள் எந்த ஊர், யாருடைய பிள்ளை, என்ன பேர்? கேட்டால் சொல்லியிருப்பாள். அவள் வீடு எங்கே என்று நாளைக்கே எனக்குத் தெரிந்திருக்கும். இனாயா கதவடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய உபகாரம் மகள்" என்றேன்.

"பரவால்ல உம்மா" என்று அந்தப் பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

பேர் கேட்கவில்லை.